திருகோணமலையில் வீடு பார்க்கப் போன கதை

ரொறன்ரோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன் நான். எந்த நாட்டு பஸ்ஸில் ஏறினாலும் முதலில் சாரதியின் காலைத்தான் பார்ப்பேன். திருகோணமலைக்கு என்னைக் கொண்டுபோன மனிதர் செருப்பைக் கழற்றி இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலால் பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு வளைவிலும் என் வலது காலும் தன்பாட்டில் தரையை மிதித்தது. இறங்கும்போது என் கால்தான் அதிகம் களைத்திருந்தது.

ஊர் பார்க்க நான் போகவில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் பதினொரு வருடமாக நானும் மனைவி மலரும் இருக்கிறோம். வீட்டுக்காரர் அதை விற்கப்போகிறார்; செப்டெம்பர் முடிவதற்குள் நாங்கள் எழும்ப வேண்டும். அக்கம்பக்கத்தில் வேறு பேஸ்மென்டுகளுக்கு போன் அடித்தேன். அவர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்தால் என் ஓய்வூதியம் முழுக்க அதற்கே சரி. மிச்சத்துக்கு இரண்டு பேரும் காற்றைக் குடிக்கலாம்.

மலரின் முழங்கால் வேறு தேய்ந்துவிட்டது. பேஸ்மென்டிலிருந்து வெளியே வரப் பதின்மூன்று படி ஏற வேண்டும். போன குளிர்காலத்தில் அவள் வெளியே வந்தது நாலே நாலு தடவை, நாலும் டொக்டரிடம். எங்களிடம் இரட்டைக் குடியுரிமை இருக்கிறது, வாடகை குறைந்த இடமாகப் பார்த்துத் திரும்பிவிடுவோம் என்று முதலில் சொன்னது அவள்தான். நான் பிறந்தது கொழும்பில். கொழும்பு வாடகை இப்போது ரொறன்ரோ வாடகைக்குத் தம்பி. யாழ்ப்பாணம் வேண்டாம், அங்கே அளவுக்கு மிஞ்சின சொந்தக்காரர் என்றாள். திருகோணமலையில் எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. கடல் இருக்கிறது, பெரியாஸ்பத்திரி இருக்கிறது. பத்து நாளில் ஒரு வீட்டை முற்றாக்கிக்கொண்டு வாங்கோ, படி இருக்கக் கூடாது, வெளிச்சம் வர வேண்டும் என்பது எனக்குக் கிடைத்த கட்டளை.

உள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கினேன். கச்சான் காற்று வீசுகிற காலம். காலை எட்டு மணிக்கே காற்று சூடாக வந்து முகத்தில் அடித்தது. பஸ் நிலையத்தில் மான்கள் ஆட்களோடு ஆட்களாக நின்றன. ஒன்று மதிலில் ஒட்டியிருந்த டியூசன் விளம்பரத்தை மெதுவாகத் தின்றுகொண்டிருந்தது. நான் போட்டோ எடுத்தேன். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடியப்பமும் சொதியும் சாப்பிடப் போன கடையில்தான் புரோக்கர் யோகராசா அறிமுகமானார். வீடு, காணி, கலியாணம் மூன்றையும் ஒரே கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பியை நான் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். அன்றைக்கு என் கவனம் முழுவதும் மாசிச் சம்பலில் இருந்தது.

இரண்டாம் நாள் தம்பலகாமத்துக்கு அனுப்பினார். பஸ்ஸில் முன்னால் இருந்த சிங்களப் பெண்மணி ஒருவர் போனில் தங்கையிடம் உரத்துக் கதைத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிங்களம் விளங்கும். "கொழும்பிலே அறை வாடகை கட்டுவதற்காகவே கொழும்பிலே வேலை செய்கிறாய். வேலையை விட்டால் அறையும் தேவையில்லை, வீட்டுக்கு வா" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு அது என் கதையும்தான் என்று உறைத்தது.

தம்பலகாமத்து வீட்டில் மூன்று அறை, கிணறு, சுற்றிவர வயல். வீட்டுக்காரர் வாடகையைச் சொன்னபோது ஒரு பூச்சியத்தை விட்டுவிட்டார் என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். அதேதான். ரொறன்ரோவில் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதை இங்கே ஒரு வருடத்துக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டேன். குசினிச் சுவரின் மூலை உடைந்திருந்ததைக் காட்டினார். யானை. "ஒவ்வொரு நாளும் வராதய்யா, நெல்லு விளைஞ்சா மட்டும்தான் வரும்" என்று ஆறுதல் சொன்னார். மலரிடம் சொன்னபோது, படி ஏற ஏலாத நான் யானைக்கு எந்தப் பக்கத்தால ஓடுறது என்று கேட்டாள். அந்த வீடு அதோடு சரி.

திரும்பி வரும் பஸ்ஸுக்கு நடுவழியில் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. எல்லோரும் இறங்கி ஒரு மரத்தடியில் நின்றோம். சாரதி ஜாக்கியை வைத்த இடம் பிழை. நானும் எவ்வளவு நேரம்தான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது? போய்ப் பிடித்தேன். அரை மணித்தியாலத்தில் சில்லு மாறியது, என் வெள்ளைச் சேட்டும் நிறம் மாறியது. அண்ணை எந்த டிப்போ என்று சாரதி கேட்டார். ரொறன்ரோ டிப்போ என்றேன். அது எந்தப் பக்கம் என்று கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு, டிக்கெட் காசைத் திருப்பித் தந்தார்.

அடுத்த இரண்டு நாட்களும் அலைச்சல்தான். உப்புவெளிப் பக்கம் நல்ல வீடுகள் இருந்தன. ஆனால் அங்கே மாத வாடகை என்ற பேச்சே இல்லை. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகை. சீனன்குடாவில் ஒரு வீடு அளவாக இருந்தது. விமானப்படைத் தளம் பக்கத்தில் என்பதால் எந்த வீதியால் போகலாம், எதால் போக ஏலாது என்பதை அவர்கள் எனக்குச் சொல்லி முடிக்கவே அரை நாள் எடுத்தது. விடுதிக்கு வந்து கடதாசியில் இரண்டு பக்கம் கோடு போட்டு எழுதினேன். வாடகை, மின்சாரம், மீன், மரக்கறி எல்லாம் இங்கே குறைவு. மலரின் மருந்துக் குளிசைகள் இங்கே கூட, பால்மா கூட. அங்கே பேரப்பிள்ளை பிறந்தால் பார்க்க வர டிக்கெட் காசு என்று எழுதப் போய், எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனையை வைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை யோகராசாவுக்குக் காய்ச்சல். தன்னால் வர ஏலாது, ஆனால் அருமையான வீடு ஒன்று இருக்கிறது, ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்காரரிடம் நான் சொல்லிவிடுகிறேன், நீங்களே போய்ப் பாருங்கோ என்றார். சொல்லியும்விட்டார். அவர் போனில் அவர்களிடம் சொன்னது ஒரே வரி என்பது பிறகு தெரிந்தது: "கனடாக்காரர் ஒருத்தர் வீடு பாக்க வாறார், பிடிச்சா முடிச்சிடுவார்."

துறைமுகத்தை நோக்கி இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த வளவு. முன்னால் புது வீடு, பின்னால் பழைய சின்ன வீடு. குடும்பம் முழுவதும் பின்னால் நெருக்கிக்கொண்டு இருந்தது. வீட்டுக்காரர் சந்திரசேகரம் என் வயதுக்காரர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். பகல் பத்து மணிக்குப் பட்டு வேட்டியோடு கேற்றடியில் நின்று என்னை வரவேற்றார். அவருடைய மனைவி பயத்தம் பணியாரம், முறுக்கு, கிண்ணியாத் தயிர், வாழைப்பழம் என்று மேசையை நிறைத்திருந்தார். ரொறன்ரோவில் வீடு பார்க்கப் போனால் சப்பாத்தைக் கழற்று, வங்கிக் கடிதத்தைக் காட்டு என்பார்கள். வாடகைக்கு வருகிறவனுக்கு இங்கே பணியாரம் தருகிறார்களே என்று எனக்குக் கண் கலங்காத குறை.

வீடு நிலமட்டத்தில். ஒரு படிகூட இல்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டால் துறைமுகமும் நங்கூரமிட்ட கப்பல்களும் தெரிந்தன. நான் விடுவேனா? பைப்புகள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். சுவரைத் தட்டினேன். அலுமாரிக்குள் தலையை விட்டுக் கறையான் இருக்கிறதா என்று பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்க அந்த அம்மாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ரெண்டு பேர் சந்தோசமாய் இருக்க இந்த வீடு காணும் என்றேன். அவர் உடனே சுவாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மகள் தர்சினி தேநீர் கொண்டுவந்தாள். முப்பது தாண்டியிருக்கும், அரச அலுவலகம் ஒன்றில் வேலை, அன்றைக்கு அரைநாள் லீவு என்றார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அவளிடம் கேட்டேன். விடிய ஐந்து மணிக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாடகையை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சந்திரசேகரத்திடம் பொதுவாகக் கேட்டேன்.

"நாங்கள் எதிர்பார்க்க என்ன இருக்கு? நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

வாடகையை என்னையே சொல்லச் சொல்கிற வீட்டுக்காரரை என் ஆயுளில் அன்றைக்குத்தான் கண்டேன். மனிதர் எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று உள்ளுக்குள் உருகினேன். கதை அப்படியே பிள்ளைகள் பக்கம் போனது. எனக்கு ஒரே மகன், கணினி வேலை, அங்கே வீடு வாங்கத் திரிகிறான் என்றேன்.

"தம்பி இன்னும் முடிக்கேல்லையோ?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

வீடு வாங்கிற விசயத்தை முடிக்கவில்லையா என்று கேட்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். "எங்க முடிக்கிறது? ரெண்டு வருசமாப் பாக்கிறான். அங்க கேக்கிற விலைக்கு எங்களால ஏலாது. ஒண்டும் சரிவரேல்ல" என்றேன். புருசனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல சனம், என் மகனுக்காகக் கவலைப்படுகிறார்கள் என்று எண்ணினேன். எழும்பும்போது, மனுசிக்கு வீடியோ அனுப்பிக் கதைத்துவிட்டு வருகிறேன், அவளுக்கும் பிடித்தால் முடிப்போம் என்று அடித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு வாருங்கோ என்றார்கள்.

வீடியோவை மலர் முடியும் வரை பார்த்தாள். பிறகு, அந்த விறாந்தையை இன்னொருக்கால் காட்டுங்கோ என்றாள். அடுத்த நாள் போன் எடுத்தபோது எங்கள் சோபாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தாள், குளிர்ச் சப்பாத்துகளைப் பெட்டியில் கட்டியிருந்தாள். அவளுடைய குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டுப் பல வருடம்.

வெள்ளிக்கிழமை வாடகை ஒப்பந்தப் படிவத்தோடு போனேன். சந்திரசேகரம் வீட்டு உறுதியை எடுத்து என் முன்னால் வைத்தார். வீடு பிள்ளையின் பெயரில்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கோ என்றார். மூலையில் மஞ்சள் தடவிய, நாலாக மடித்த இன்னொரு கடதாசியை அம்மா தந்தார். பிரித்தேன். கட்டம் கட்டமாக இருந்தது. வீட்டு வரைபடம் என்று நினைத்து அறைகளை எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. இந்த வீட்டில் பன்னிரண்டு அறை எங்கே இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தபோதுதான் ஒரு கட்டத்தில் செவ்வாய் இருப்பதைக் கண்டேன்.

அட கடவுளே. அது சாதகம்.

ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. பட்டு வேட்டி, பணியாரம், சுவாமிப் படம், முடிக்கேல்லையோ என்ற கேள்வி. எங்கள் பக்கத்தில் பொம்பிளை பார்க்கப் போவார்கள். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குக் கட்டின வீட்டில்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பான், அதனால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் வருவது வீடு பார்க்க. இவர்கள் அந்த வீட்டை வாடகைக்கு விட ஒருநாளும் நினைத்ததில்லை. யோகராசாவிடம் கேட்டது மாப்பிள்ளை. அந்த மனுசன் கொப்பியில் ஒரு வரியை மாறிப் பார்த்ததோ, பூட்டின வீடுதானே என்று தானாக முடிவெடுத்ததோ, எனக்குத் தெரியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வேறு வழியில்லை, சொன்னேன். நான் வந்தது வாடகைக்கு. மகன் கலியாணம் முடித்து இரண்டு வருடம், மருமகள் பிள்ளைத்தாச்சி. சந்திரசேகரம் எழும்பி வந்தார். சாதகத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பின்வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா அப்படியே கதிரையில் இருந்து அழுதார். ஊரெல்லாம் சொல்லிப்போட்டேனே என்றார். அவரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பினேன். குசினி வாசலில் சேலையோடு தர்சினி நின்றாள். அவளைப் பார்க்கத் துணிவில்லாமல் தலையைக் குனிந்துகொண்டு கேற்றைத் தாண்டினேன்.

மலர் பேசுவாள் என்று தெரியும். சோபாவும் போய், வீடும் போய், கையில் நாலு நாள்தான் இருக்கிறது. ஆனால் அவள் பேசியது வேறு விசயத்துக்கு.

"வீடு கிடக்கட்டும். அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களே?"

இல்லை என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மத்தியானம் தர்சினியின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலுக்கு வந்தாள். எதிரே இருந்த கடையில் மீன் வைத்த மாலுபாணும் வெறுந்தேத்தண்ணியும் அவளே வாங்கி வைத்துவிட்டு, இருங்கோ அங்கிள் என்றாள். பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன்.

"நீங்கள் பத்தாவது ஆள் அங்கிள். ஒருத்தருக்கு மேல்மாடி வேணுமாம். ஒருத்தருக்கு ஒழுங்கைக்குள்ள கார் வராதாம். எல்லாரும் பைப்பைத் திறந்து பாத்தவை, சுவரைத் தட்டிப் பாத்தவை. என்னோட ரெண்டு கதை கதைச்சவை ஒருத்தரும் இல்லை."

நான் அவளிடம் தண்ணீர் வரும் நேரத்தைக் கேட்டது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நீங்களாவது உண்மையாக வீட்டுக்குத்தானே வந்தீர்கள் என்றாள்.

பிறகு எங்கள் கதையைக் கேட்டாள். பேஸ்மென்ட், பதின்மூன்று படி, மலரின் முழங்கால், பனி விழுந்தால் மூடிப்போகிற சின்ன யன்னல், எல்லாம் சொன்னேன். கனடாவில் இருக்கிறவர்கள் நிலத்துக்குக் கீழே இருக்கிறார்களா என்று அவளால் நம்பவே முடியவில்லை. தன் சம்பளத்தில் பாதி வங்கிக்குப் போகிறது, அந்த வீடு கட்ட எடுத்த கடன் என்றாள். ஆறு வருடமாக மூன்று பேரும் பின்வீட்டில் இரண்டு அறைக்குள், முன்வீட்டை அம்மா தினமும் கூட்டித் துடைத்துப் பூட்டுவார். வாடகைக்குக் கொடுப்போம் என்று இவள் கேட்கும்போதெல்லாம், அப்படிச் செய்தால் பிள்ளைக்குக் கலியாணமே சரிவராது என்று நாங்களே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகும் என்பாராம். கட்டணப் பட்டியல்களையும் வாடகைகளையும் பத்து நாளாகக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு பூட்டின வீட்டுக்கு மாதாமாதம் யார் விலை கொடுக்கிறார்கள் என்று அந்தக் கடதாசியில் எழுத எனக்கு ஒரு இடமும் இருக்கவில்லை.

"அன்ரிக்கு உண்மையா வீடு பிடிச்சதோ?" என்று கேட்டாள்.

விறாந்தையை இரண்டு தடவை பார்த்தாள் என்றேன்.

"அப்ப உங்கட படிவத்தைத் தாங்கோ. வீடு என்ர பேரில. எனக்குக் கலியாணம் ஏதும் சரிவந்தா மூண்டு மாசத்துக்கு முன்னுக்கே சொல்லுவன். சரிவராட்டி வருசா வருசம் வாடகையைக் கூட்டுவன்."

அப்பா ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் சொன்ன வாடகை நான் மனதில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூட. பேரம் பேசுகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், நான் ஊரை விட்டு வெளிக்கிடுவதற்கு முந்தின நாள், அந்த விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். மேசையில் பணியாரம் இல்லை, தேநீர் மட்டும். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் என்ற இடத்தில் தர்சினி தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள். நான் வைத்தேன். சாட்சி என்ற இடம் வெறுமையாக இருந்தது. படிவத்தை அவள் தகப்பனின் பக்கம் தள்ளினாள்.

சந்திரசேகரம் பேனையைக் கையில் எடுத்தார். எழுதாமல் வைத்திருந்தார். நாற்பது வருடம் கையெழுத்து வைத்தே சம்பளம் எடுத்த மனிதர் அவர்.

"இதில ஆக்கள் குடிவந்தா, பிள்ளை, இனி ஆர் வீடு பாக்க வருவினம்?" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில், பயம்தான் இருந்தது.

"வீடு பாக்க இனி ஒருத்தரும் வரவேண்டாம் அப்பா. என்னைப் பாக்க வாறவை வரட்டும்."

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இருப்பதை மறந்து, அவளுடைய முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கையெழுத்து வைத்தார்.